ஸ்கேனில் சிறுநீரக நீர்க்கட்டி என்று வந்தால்

வயிற்று வலிக்கோ பித்தப்பைக் கல்லுக்கோ அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கப் போனவர்கள், அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வரியை ரிப்போர்ட்டில் படித்துவிட்டுக் கலங்கிப்போவது அடிக்கடி நடக்கிறது. 'வலது சிறுநீரகத்தின் மேல் முனையில் 23 × 21 மி.மீ. அளவுள்ள சிம்பிள் கார்டிகல் சிஸ்ட்' என்று அதில் இருக்கும். சிறுநீரகத்தின் வெளிப்பகுதியில் ஒரு சாதாரண நீர்க்கட்டி என்று அதற்குப் பொருள். எதற்காக ஸ்கேன் எடுத்தார்களோ அதில் ஒன்றுமில்லை என்று வந்திருக்கும். ஆனால் கேட்காத கேள்விக்கு இப்படி ஒரு பதில் வந்து நிற்கும். அன்று இரவு முழுக்கத் தேடிப் படித்து, புற்றுநோயில் ஆரம்பித்து டயாலிசிஸ் வரை மனம் போய்வந்துவிடும்.

ரிப்போர்ட்டைப் படிக்கிறவர்களின் கண் நேராக அளவில்தான் போய் நிற்கிறது. மருத்துவர் முதலில் பார்ப்பது வேறு இரண்டு விஷயங்களை. கட்டிக்குள் இருப்பது வெறும் நீர்தானா? கட்டி ஒன்றிரண்டுதானா, இல்லை இரண்டு சிறுநீரகங்களிலும் பரவியிருக்கிறதா? இவை இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் அடுத்து என்ன செய்வது, எதைச் செய்யாமல் விடலாம் என்பது அநேகமாகத் தெளிவாகிவிடும். அளவு அதற்கு அப்புறம்தான் வருகிறது.

எங்கிருந்து வருகிறது

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. ஒவ்வொரு நெஃப்ரானிலும் ரத்தத்தை வடிகட்டும் ஒரு முடிச்சும், வடிகட்டிய நீரைச் சிறுநீராக்கும் ஒரு நுண்குழாயும் உண்டு. வயதாக ஆக, இந்தக் குழாயின் சுவரில் ஏதோ ஓரிடம் பலவீனமாகி வெளிப்பக்கமாகப் புடைக்கிறது. புடைத்த பகுதி பிறகு குழாயிலிருந்து பிரிந்து தனிப் பையாகிவிடுகிறது. சாதாரண நீர்க்கட்டி இப்படித்தான் உருவாகிறது என்று கருதப்படுகிறது. அதன் உள்சுவர் ஒரே ஒரு வரிசைச் செல்களால் ஆனது. அந்தச் செல்கள் கசியவிடும் தெளிந்த நீர்தான் உள்ளே நிற்கிறது.

30 வயதுக்குக் கீழே இது அரிது. 50 வயதைத் தாண்டியவர்களில் குறைந்தது நாலில் ஒருவருக்காவது இருக்கும். பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். தலைமுடி நரைப்பதைப் போல இதையும் வயதின் கணக்கில் எழுதிவிடலாம். தண்ணீர் குறைவாகக் குடித்ததாலோ, ஏதோ ஒன்றைச் சாப்பிட்டதாலோ வந்ததென்று யாரும் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

சிறுநீரகக் கல்லோடு இதைக் குழப்பிக்கொள்வதுதான் பலரும் செய்கிற தவறு. கல் சிறுநீர் போகும் பாதையில் கிடக்கிறது. அதனால்தான் தண்ணீர் நிறையக் குடித்தால் சின்னக் கல் வெளியேறிவிடுகிறது. நீர்க்கட்டியோ எல்லாப் பக்கமும் மூடிய பை. அதற்குள் சிறுநீர் போவதும் இல்லை, அதிலிருந்து எதுவும் வெளியே வருவதும் இல்லை. ஆகவே தண்ணீரால் அதைக் கரைத்து அனுப்ப முடியாது. சாதாரண நீர்க்கட்டியைக் கரைக்கும் மாத்திரை எதுவும் இல்லை. 'கட்டியைக் கரைக்கும்' என்று சொல்லி விற்கப்படும் மூலிகைப் பொடிகளைப் பற்றி எனக்குக் கவலை உண்டு. அரிஸ்டோலோகிக் அமிலம் கொண்ட சில மூலிகைகள் சிறுநீரகத்தை நிரந்தரமாகக் கெடுத்திருக்கின்றன, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் வரவழைத்திருக்கின்றன. ஒன்றும் செய்யாத கட்டியைக் கரைக்கப் போய் நல்ல சிறுநீரகத்தை இழப்பது எவ்வளவு பெரிய கொடுமை! இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: பெண்களுக்குச் சினைப்பையில் வரும் நீர்க்கட்டிக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஒன்று இருந்தால் மற்றது வரும் என்பதும் இல்லை.

படம் என்ன சொல்கிறது

நீர்க்கட்டியை உறுதிசெய்வதில் முக்கால்வாசி வேலையை அல்ட்ராசவுண்டே முடித்துவிடுகிறது. ஸ்கேன் செய்கிறவர் மூன்று அடையாளங்களைத் தேடுகிறார். முதலாவது, கட்டியின் உட்புறம் திரையில் முழுக் கறுப்பாக இருக்க வேண்டும். ஒலி அலையைத் திருப்பி அனுப்ப உள்ளே எதுவும் இல்லை, வெறும் நீர்தான் என்று அதற்குப் பொருள். இரண்டாவது, சுவர் மெல்லியதாகவும் வழவழப்பாகவும் ஓரம் துல்லியமாகவும் தெரிய வேண்டும். மூன்றாவதைப் பழகாத கண் கவனிக்காது. கட்டிக்குப் பின்னால் இருக்கும் பகுதி, பக்கத்துத் திசுவைவிட வெளிச்சமாகத் தெரிய வேண்டும். நீர் வழியாகப் போகும் ஒலி வலுவிழப்பதில்லை என்பதால் அந்தப் பக்கம் முழுப் பலத்தோடு போய்ச் சேர்கிறது. அந்த வெளிச்சம் அதன் சாட்சி. மூன்றும் பொருந்தினால் அது சாதாரண நீர்க்கட்டி, சிக்கல் அதோடு தீர்ந்தது. சி.டி. ஸ்கேன் வேண்டியதில்லை.

அல்ட்ராசவுண்ட் ஏமாறும் ஓர் இடம் உண்டு. சிறுநீரகத்தின் நடுவே சிறுநீர் சேரும் பகுதிக்குப் பக்கத்திலேயே சில நீர்க்கட்டிகள் வளரும். அவற்றைப் பார்த்தால் சிறுநீர் அடைத்துக்கொண்டு சிறுநீரகம் வீங்கியது மாதிரியே இருக்கும். 'லேசான ஹைட்ரோநெஃப்ரோசிஸ்' என்று ரிப்போர்ட் வந்து, அடைப்பு எங்கே என்று தேடித் தேடிக் கடைசியில் நீர்க்கட்டிதான் என்று முடிவதும் உண்டு. படத்தில் பளிச்சென்று தெரியும் சாயத்தை ரத்தத்தில் செலுத்திச் சற்று நேரம் கழித்து எடுக்கும் சி.டி. படத்தில் சாயம் கலந்த சிறுநீர் ஒரு பாதையிலும் கட்டி வேறாகவும் தெரிந்துவிடும்.

அல்ட்ராசவுண்டில் சந்தேகம் வந்தால், அதாவது உள்ளே தடுப்புச் சுவரோ, சுண்ணாம்புப் படிவோ, கலங்கலோ, திடமான பகுதியோ தெரிந்தால், அடுத்தது சி.டி. இங்கே கேள்வி ஒன்றே ஒன்றுதான்: கட்டியின் சுவருக்கோ அதற்குள் இருக்கும் எதற்குமோ ரத்த ஓட்டம் இருக்கிறதா? அதற்காகத்தான் சாயம் செலுத்துவதற்கு முன்பும் பின்பும் படம் எடுக்கிறார்கள். சி.டி. படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அடர்த்தி எண் உண்டு. சி.டி. கருவியை உருவாக்கி 1979இல் நோபல் பரிசு பெற்ற காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் அந்த அலகு அழைக்கப்படுகிறது. நீருக்கு 0. சாதாரண நீர்க்கட்டி 20க்குள் நின்றுவிடும். கதிரியக்க மருத்துவர் கணினித் திரையில் கட்டியின் மேல் சின்ன வட்டம் ஒன்றை வைத்து எண்ணைப் பார்க்கிறார். சாயத்துக்கு முன் 8, பின் 11 என்றால் உள்ளே ரத்தம் ஓடவில்லை, நிம்மதி. முன் 32, பின் 75 என்றால் அங்கே உயிருள்ள திசு இருக்கிறது. 20 அலகும் அதற்கு மேலும் ஏறுவதை ரத்த ஓட்டம் இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். 10க்கும் 20க்கும் நடுவே ஏறினால்தான் தலைவலி, அப்போது எம்.ஆர்.ஐ. கை கொடுக்கும்.

இதையெல்லாம் ஒரு வரிசைக்குள் கொண்டுவந்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த கதிரியக்க மருத்துவர் மார்ட்டன் பாஸ்னியாக். 1986இல் அவர் வெளியிட்ட வகைப்பாடுதான் இன்றைக்கும் உலகம் முழுக்க ரிப்போர்ட்டுகளில் 'பாஸ்னியாக் 1', 'பாஸ்னியாக் 3' என்று வருகிறது. 2019இல் அதைத் திருத்தி, எம்.ஆர்.ஐ. படங்களுக்கும் பொருந்துமாறு அமைத்தார்கள்.

1 என்றால் மெல்லிய சுவரும் வெறும் நீரும் மட்டும். 2 என்றால் உள்ளே நூலிழை போன்ற ஒன்றிரண்டு தடுப்புகளோ கொஞ்சம் சுண்ணாம்புப் படிவோ இருக்கலாம். பழைய ரத்தம் தேங்கி அடர்த்தியாகிவிட்ட, ஆனால் சாயத்தை ஏற்காத கட்டிகளும் இதில் சேரும். இந்த இரண்டு வகையும் புற்றுநோய் அல்ல, தொடர்ந்து பார்க்க வேண்டியதும் இல்லை. மறுகோடியில் 4: உள்ளே சாயத்தை ஏற்கும் முடிச்சு இருக்கிறது, பத்தில் ஒன்பது பேருக்கு அது புற்றுநோயாகவே இருக்கும். அறுவை சிகிச்சைதான் வழக்கமான வழி. முடிந்தவரை கட்டியுள்ள பகுதியை மட்டும் நீக்கிவிட்டு மீதிச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிறார்கள்.

நடுவில் இருக்கும் இரண்டில்தான் மருத்துவரின் நிதானம் தெரியும். 3ஆம் வகையில் சுவரோ தடுப்போ தடித்து, ஒழுங்கற்று, சாயத்தையும் ஏற்கிறது. இவற்றில் ஏறத்தாழ பாதி புற்றுநோயாக இருக்கும், பாதி இருக்காது. முன்பெல்லாம் 3 என்றாலே அறுவை சிகிச்சை என்றிருந்தது. இப்போது அவ்வளவு அவசரம் இல்லை. நீர்க்கட்டி வடிவில் வரும் சிறுநீரகப் புற்றுநோய், முழுக்கத் திடமாக வரும் புற்றுநோயைவிடப் பொதுவாக மெதுவாக வளரக்கூடியது, வேறு இடங்களுக்குப் பரவுவதும் குறைவு. அதனால் கட்டி சிறியதாக இருந்து, நோயாளி வயதானவராகவோ வேறு நோய்கள் உள்ளவராகவோ இருந்தால், குறித்த இடைவெளியில் படமெடுத்துக் கவனித்து வருவதும் இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட வழிதான்.

அப்புறம் '2எஃப்' என்று ஒன்று. பாஸ்னியாக்கே பின்னாளில் சேர்த்தது. அந்த 'எஃப்', தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்பதற்கான குறி. தடுப்புகள் சற்று அதிகமாக இருக்கும், அல்லது சுவர் லேசாகத் தடித்திருக்கும். ஆனால் 3 என்று சொல்லும் அளவுக்குப் போகாது. 6 மாதத்தில் ஒரு படம், 12 மாதத்தில் ஒரு படம், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை என மொத்தம் 5 ஆண்டுகள் பார்க்கிறார்கள். பெரும்பாலானவை அப்படியே இருந்துவிடுகின்றன. இந்தக் கண்காணிப்பில் கவனிக்க வேண்டியது, கட்டி 2 மி.மீ. பெரிதானதா என்பதை அல்ல. சாதாரண நீர்க்கட்டியும்தான் மெல்ல வளரும். சுவர் தடிக்கிறதா, புதிதாக முடிச்சு முளைத்திருக்கிறதா என்பதே கேள்வி.

சிறுநீரகச் செயல்பாடு ஏற்கெனவே குறைந்தவர்களுக்குச் சாயம் பற்றிய பயம் இருக்கும். அது நியாயமான பயம்தான். ஸ்கேனுக்கு முன் கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாடு குறையும்போது ரத்தத்தில் ஏறும் கழிவுப்பொருள்) அளவையும், முன்பு சாயத்தால் ஒவ்வாமை வந்திருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். நுண்குமிழிகளைச் செலுத்திச் செய்யும் அல்ட்ராசவுண்ட் இவர்களுக்கு நல்ல மாற்று. அந்தக் குமிழிகள் மூச்சோடு வெளியேறிவிடுகின்றன. சிறுநீரகத்துக்கு வேலையே இல்லை.

வலி வந்தால் மட்டும்

சாதாரண நீர்க்கட்டி என்று உறுதியான பிறகு மறுபடி மறுபடி ஸ்கேன் எடுப்பதில் பயன் இல்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'இது தீங்கற்றது, மறுபரிசோதனை தேவையில்லை' என்று ஒரு வரி சேர்த்து எழுதினால் எத்தனையோ பேரின் தூக்கம் கெடாமல் இருக்கும் என்பது என் எண்ணம். 5, 6 சென்டிமீட்டர் இருந்தாலும் தொந்தரவு இல்லையென்றால் விட்டுவிடலாம். மீதிச் சிறுநீரகம் தன் வேலையைக் குறைவில்லாமல் செய்துகொண்டிருக்கும்.

சிலருக்குத் தொந்தரவு வருகிறது. பெரிய கட்டி விலாவுக்குக் கீழே கனமாக, மந்தமாக வலிக்கலாம். சிறுநீர்ப் பாதையை அழுத்தி அடைக்கலாம். உள்ளே ரத்தம் கசிந்தால் திடீர் வலி வரும். கட்டி சிறுநீர்ப் பாதைக்குள் உடைந்தால் சிறுநீர் சிவப்பாகப் போகும். கிருமி புகுந்தால் குளிர் காய்ச்சலும் விலா வலியும் சேர்ந்து வரும். காய்ச்சலும் சிவந்த சிறுநீரும் காத்திருக்கும் விஷயங்கள் அல்ல, அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிறுநீரில் ரத்தம் வந்தால், 'எனக்குத்தான் நீர்க்கட்டி இருக்கிறதே' என்று அதன் தலையில் போட்டுவிடவும் கூடாது. கல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் என வேறு காரணங்களையும் பார்த்தாக வேண்டும்.

முதுகு வலிக்கும் இதே நியாயம்தான். நடுவயதில் முதுகு வலி எல்லோருக்கும் வருகிறது. நீர்க்கட்டியும் பலருக்கு இருக்கிறது. இரண்டும் ஒருவரிடமே இருப்பதால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. கட்டிதான் வலிக்குக் காரணமா என்று சந்தேகமாக இருந்தால், ஸ்கேன் பார்த்தபடியே ஊசி வழியாக நீரை எடுத்துவிட்டு வலி போகிறதா என்று பார்ப்பார்கள். வலி போகவில்லை என்றால் கட்டி நிரபராதி.

வலி போய்விட்டால்கூட நீரை உறிஞ்சி எடுப்பது மட்டும் போதாது. ஊற்றை அடைக்காமல் கிணற்றை இறைத்த கதையாகத்தான் முடியும். உள்சுவரில் இருக்கும் செல்கள் உயிரோடு இருக்கும்வரை நீர் மறுபடி ஊறிக்கொண்டேதான் இருக்கும். அதனால் நீரை எடுத்தபின் அடர் ஆல்கஹாலையோ அதுபோன்ற வேறு மருந்தையோ உள்ளே செலுத்தி, சிறிது நேரம் வைத்திருந்து, அந்தச் செல்களை அழித்துவிட்டு வெளியே எடுத்துவிடுகிறார்கள். பலருக்கு இதுவே போதும். மறுபடி நிரம்பினாலோ, கட்டி மிகப் பெரிதாக இருந்தாலோ லேப்ராஸ்கோப்பி மூலம், அதாவது சிறு துளைகள் வழியாக, கட்டியின் மேற்கூரையை வெட்டி எடுத்துவிடுவார்கள். பை திறந்துகொள்வதால் கசியும் நீரைச் சுற்றியுள்ள திசுக்கள் உறிஞ்சிக்கொள்ளும். சிறுநீரகத்தை எடுக்க வேண்டியதில்லை. பாஸ்னியாக் 3, 4 என்று சந்தேகம் உள்ள கட்டிகளுக்கு இந்த இரண்டு வழிகளும் ஆகாது.

கட்டிகள் பல என்றால்

இதுவரை சொன்ன நிம்மதி முழுக்க ஒன்றிரண்டு கட்டிகளுக்குத்தான். இரண்டு சிறுநீரகங்களிலும் கொத்துக் கொத்தாக இருந்து, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சிறுநீரகக் கோளாறு இருந்தது என்றால் கதை வேறு. அது பாலிசிஸ்டிக் கிட்னி நோய் என்னும் பரம்பரை நோயாக இருக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு 16ஆவது குரோமோசோமில் உள்ள பி.கே.டி.1 மரபணுவிலும், சிலருக்கு 4ஆவது குரோமோசோமில் உள்ள பி.கே.டி.2 மரபணுவிலும் பிழை இருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. ஆண், பெண் வித்தியாசம் இல்லை. குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாக ஒருவருக்குத் தொடங்குவதும் உண்டு.

எண்ணிக்கையை வயதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். இந்த நோய் உள்ள குடும்பத்தில் பிறந்த ஒருவருக்கு 15 முதல் 39 வயதுக்குள் இரண்டு சிறுநீரகங்களிலும் சேர்த்து 3 கட்டிகள் அல்ட்ராசவுண்டில் தெரிந்தாலே நோய் உறுதி. 40 முதல் 59 வயதுக்குள் என்றால் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் 2 இருக்க வேண்டும், 60க்கு மேல் ஒவ்வொன்றிலும் 4. வயதானால் சாதாரண நீர்க்கட்டிகளும் சேர்ந்துகொள்ளும் என்பதால்தான் இந்த ஏறுவரிசை.

இந்த நோயில் கிரியாட்டினின் பல ஆண்டுகள் சரியாகவே காட்டும். கட்டிகள் இடத்தைப் பிடிக்கப் பிடிக்க, மிஞ்சியிருக்கும் நெஃப்ரான்கள் கூடுதல் சுமையை இழுத்துச் சமாளிக்கின்றன. கிரியாட்டினின் ஏறும்போது பாதி வழி தாண்டியிருக்கும். அதனால் எம்.ஆர்.ஐ. மூலம் சிறுநீரகத்தின் மொத்தக் கன அளவை அளந்து, உயரத்தோடும் வயதோடும் ஒப்பிட்டு, நோய் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று கணிக்கிறார்கள். ஒற்றை நீர்க்கட்டியில் பொருட்படுத்தாமல் விட்ட அளவு, இங்கே இப்படித்தான் முக்கியமாகிறது. பி.கே.டி.1 பிழை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் ஐம்பதுகளில் சிறுநீரகம் செயலிழக்கிறது, பி.கே.டி.2 என்றால் எழுபதுகள் வரை தள்ளிப்போகும்.

வேகத்தைக் குறைக்கச் செய்யக்கூடியவை இருக்கின்றன. முதலிடம் ரத்த அழுத்தத்துக்கு. இருபதுகளிலேயே அது ஏறத் தொடங்கிவிடும், யாரும் அளந்து பார்க்காததால் தெரியாமலே போய்விடும். ஏ.சி.இ. தடுப்பான், ஏ.ஆர்.பி. என்னும் இரண்டு வகை ரத்த அழுத்த மாத்திரைகளே இதில் முதல் தேர்வு. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி மாத்திரையை மாற்றிக்கொள்ள வேண்டும். சிறுநீரகம் இன்னும் நன்றாக இயங்கும் இளவயதினருக்கு, தாங்கிக்கொள்ள முடிந்தால் 110/75 வரை இறக்கலாம் என்கிறார்கள். உப்பை ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் வைப்பதும் இதோடு சேர்ந்தது.

டோல்வாப்டான் என்றொரு மாத்திரை இருக்கிறது. வாசோபிரசின் என்ற ஹார்மோன்தான் கட்டிச் செல்களை நீர் கசியவும் பெருகவும் தூண்டுகிறது. அந்தத் தூண்டுதலை இது தடுக்கிறது. ஜப்பானில் 2014இலும் அமெரிக்காவில் 2018இலும் இந்த நோய்க்கு அனுமதி கிடைத்தது. சிறுநீரகச் செயல்பாடு குறையும் வேகத்தை மட்டுப்படுத்துகிறது, ஆனால் எளிதான மருந்து அல்ல. ஒரு நாளைக்கு 5, 6 லிட்டர் சிறுநீர் போகும், இரவில் எழுந்துகொண்டே இருக்க வேண்டும், கல்லீரல் பாதிக்கப்படுகிறதா என்று அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும். வேகமாகப் போகும் நோய் உள்ளவர்களுக்கே இதைப் பரிந்துரைக்கிறார்கள். தண்ணீர் நிறையக் குடித்தாலே அந்த ஹார்மோன் அடங்கிவிடுமே என்ற எண்ணத்தில் ஓர் ஆய்வு நடந்து 2022இல் முடிவு வெளியானது. அளவு சொல்லித் தண்ணீர் குடிக்கவைத்தும் கட்டிகளின் வளர்ச்சி குறையவில்லை.

இந்த நோய் சிறுநீரகத்தோடு நிற்பதில்லை. கல்லீரலிலும் நீர்க்கட்டிகள் வரும், பெரும்பாலும் தொந்தரவு தராது. பத்தில் ஒருவருக்கு மூளை ரத்தக்குழாயில் புடைப்பு இருக்கலாம். குடும்பத்தில் யாருக்காவது மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டிருந்தால் அதற்கென்று தனியாகப் படமெடுத்துப் பார்ப்பது நல்லது. இதுவரை வந்தே இராத கடுமையான தலைவலி திடீரென்று வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

பல ஆண்டுகள் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களின் சுருங்கிய சிறுநீரகத்திலும் கட்டிகள் தோன்றும். அது பரம்பரை நோய் அல்ல. ஆனால் அவர்களுக்குச் சிறுநீரகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். குழந்தையின் சிறுநீரகத்தில் ஒரே ஒரு கட்டி தெரிந்தாலும் பெரியவர்களுக்குச் சொல்வதைப் போல 'வயசானா வர்றதுதான்' என்று விட முடியாது. குழந்தைகளுக்கான சிறுநீரக மருத்துவர் பார்க்க வேண்டும்.

பாலிசிஸ்டிக் நோய் உள்ள வீட்டில் மிகவும் கடினமான கேள்வி, எந்தத் தொந்தரவும் இல்லாத பிள்ளைகளுக்கு ஸ்கேன் எடுக்கலாமா என்பதுதான். எடுத்துத் தெரிந்துகொண்டால் ரத்த அழுத்தத்தைச் சீக்கிரமே கட்டுப்படுத்தலாம். ஆனால் சின்ன வயதிலேயே 'நோயாளி' என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும், மருத்துவக் காப்பீடு எடுப்பதிலும் சிக்கல் வரலாம். பதினெட்டு வயதானபின் அவர்களே முடிவுசெய்யட்டும் என்று பல மருத்துவர்கள் சொல்வது எனக்குச் சரியாகவே படுகிறது. அதுவரை ஆண்டுக்கு ஒருமுறை ரத்த அழுத்தம் மட்டும் பார்த்தால் போதும். ஒரே ஒரு சூழ்நிலையில் காத்திருக்க முடியாது. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ சிறுநீரகம் தானம் செய்ய அந்த வீட்டிலேயே ஒருவர் முன்வந்தால், அவருக்கு நோய் இல்லை என்பதைப் படமெடுத்து, தேவைப்பட்டால் மரபணுப் பரிசோதனையும் செய்து, உறுதிப்படுத்திய பிறகே அவருடைய சிறுநீரகத்தை எடுக்க முடியும்.